சங்கிலிக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குத் தேதி இல்லை

மாசிக் கடைசியில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் மலைச்சரிவு மூன்று நாள் விடாமல் எரிந்தது. தீ அணைந்த மறுநாளே, காப்புக்காட்டுக்குள் ஏறும் ஜீப் பாதையின் முகப்பில் வனத்துறையினர் இரண்டு இரும்புத் தூண்களை நட்டு, நடுவே சங்கிலி மாட்டிப் பூட்டிவிட்டுப் போனார்கள். இப்போது வைகாசியும் பிறந்துவிட்டது. அந்தச் சங்கிலி எதற்காக, யாருக்காக, எந்த நாள் வரைக்கும் என்பதை ஒரு தகரப் பலகையில்கூட இதுவரை எவரும் எழுதி மாட்டவில்லை.

எரிந்த மலையில் வண்டியை விடக் கூடாது என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புல் கருகிய சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க மேலே ஒன்றும் இருக்காது. சாம்பலின் அடியில் உயிரோடு கிடக்கும் வேர்தான் அடுத்த மழைக்குத் துளிர்க்க வேண்டும். அதன் மேல் டயர் ஏறினால் வேர் நசுங்கும், மண் இறுகும், இறுகிய தடம் தண்ணீரைக் குடிக்காமல் வாய்க்காலைப் போல் கீழே இழுத்துக்கொண்டு வரும். அப்படி வரும் வண்டல் முழுவதும் கொட்டக்குடி ஆற்றில்தான் வந்து சேர்கிறது. போடி வட்டாரத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, மலையேற்றம் போய்க் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தவர்கள் காய்ந்த புல்வெளியில் தீயிடம் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட நாளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

ஆகவே என் கோபம் கட்டுப்பாட்டின் மேல் இல்லை. கட்டுப்பாடு என்ற பெயரில் நடக்கும் சோம்பேறித்தனத்தின் மேல்தான்.

அந்தச் சங்கிலிக்கு இருபுறமும் முன்பு ஆள் நுழைய முடியாதபடி உண்ணிச்செடிப் புதர் அடர்ந்து கிடந்தது. தீயில் அது முழுவதும் எரிந்துபோனது. அதாவது, இயற்கை போட்டு வைத்திருந்த வேலியைத் தீ எடுத்துவிட்டது. இவர்களோ பாதையை மட்டும் மறித்துவிட்டுப் பக்கவாட்டைத் திறந்து வைத்துவிட்டார்கள். சனி, ஞாயிறு வந்தால் எங்கிருந்தோ பைக்குகள் கூட்டமாக வருகின்றன. சங்கிலியைக் கண்டதும் அவர்கள் திரும்பிப் போவதில்லை; தூணைச் சுற்றி, எரிந்த சரிவின் மேலேயே ஏறி, அந்தப் பக்கம் போய்ப் பாதையில் சேர்ந்துகொள்கிறார்கள். பல வருடமாக வண்டி ஓடி இறுகிப்போன பாதைக்குப் பூட்டு. சாம்பல் மண் கிடக்கும் சரிவில் சவாரி. எதைக் காப்பாற்றச் சங்கிலி போட்டார்களோ, அதைக் கிழிப்பதற்குச் சங்கிலியே வழி காட்டுகிறது. இதைப் போய்ச் சொன்னால், "நாங்கள் இருப்பது நாலு பேர், ஞாயிற்றுக்கிழமையும் அங்கே வந்து நிற்க முடியுமா அண்ணே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் ஜீப்பை நிறுத்துவதற்கு மட்டும் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கே ஆள் இருந்தது.

பாதையின் மறுமுனையில் எனக்குப் பட்டா நிலம் இருக்கிறது. அதில் நிற்பவை பெரும்பாலும் இலவ மரங்கள். இலவம்பஞ்சுக்குப் பருவம் மார்ச்சிலிருந்து மே வரை. காட்டுத்தீக்கும் அதே பருவம். காய் முற்றியதும் பறித்தாக வேண்டும். தாமதித்தால் மரத்திலேயே வெடித்துப் பஞ்சு காற்றோடு போய்விடும். இலவு காத்த கிளி என்பார்கள். கிளியாவது பழுக்கும் என்று நம்பி ஏமாந்தது, நான் பறக்கும் என்று தெரிந்தே சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைச்சுமையாக இறக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். ஆள் எங்கே இருக்கிறார்கள்? விடிவதற்குள் ஜீப் ஏறிப் போடிமெட்டைத் தாண்டி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

எனக்கு மேலே இருக்கும் குடியிருப்பில் முதுவர் பழங்குடிக் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்களைப் போலக் காட்டில் வாழ்பவர்களுக்கான வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் 2008-ஆம் ஆண்டு விதிகள் அவர்கள் சேகரிக்கும் தேன் போன்ற சிறு வனப்பொருளைத் தலைச்சுமை, சைக்கிள், கைவண்டி ஆகியவற்றில் கொண்டுபோவதைப் பற்றியே பேசின. மலையில் கைவண்டியா என்று யாரோ சிந்தித்திருக்க வேண்டும்; 2012-இல் விதியைத் திருத்திப் பொருத்தமான வண்டியில் கொண்டுபோகலாம் என்று ஆக்கினார்கள். அந்தத் திருத்தம் சங்கிலி வரைக்கும் வந்து நின்றுவிட்டது போலும். போன மாதம் அந்தக் குடியிருப்பில் ஒரு பாட்டிக்கு நெஞ்சு வலி வந்தபோது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது; அதற்குள் பையன்கள் போர்வையில் தூளி கட்டித் தூக்கி வந்துவிட்டார்கள். அதே சாவி, விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு மேலே போன ஒரு வெள்ளை ஜீப்புக்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

மூன்று முறை வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். முதல்முறை மேலிடத்து உத்தரவு என்றார்கள். இரண்டாம் முறை உத்தரவின் நகல் கேட்டதற்கு வாய்மொழி உத்தரவு என்றார்கள். மூன்றாம் முறை, ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். எழுதாத உத்தரவை எதிர்த்து எங்கே மனுப் போடுவது? குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அந்த ஆண்டிலேயே தனி விதிகள் எழுதினார்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளை அறிவித்து இணையத்தில் முன்பதிவும் தொடங்கினார்கள். பொழுதுபோக்காக நடக்க வருகிறவருக்கு எந்தப் பாதை, எந்தப் பருவம் என்று இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு, விளைச்சலையும் நோயாளியையும் இறக்குகிற ஒரு பாதைக்கு நான்கு வரி எழுதத் தெரியாதா? எரிந்த சரிவில் எந்த வண்டியும் ஏறக் கூடாது. பழைய பாதையில் குடியிருப்போருக்கும் பட்டாதாரருக்கும் அனுமதிச்சீட்டு. சாவியில் ஒன்று முதுவர் குடியில் இருக்கும். அடைப்பு இன்ன தேதி வரை. இவ்வளவுதானே?

முந்தாநாள் கோடைமழை பெய்தது. போய்ப் பார்த்தேன். பைக்குகள் கீறிய தடங்களில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்து செந்நீர் ஓடியிருந்தது. பூட்டிய பாதையிலோ பச்சைப்புல் முளைத்திருந்தது. தகரமும் பெயிண்டும் என் செலவிலேயே வாங்கித் தருகிறேன், பலகையையும் நானே அடித்துக் கொடுக்கிறேன். அதில் எழுத வேண்டிய தேதியை மட்டும் அவர்கள் சொல்லட்டும்.