பிரிப்யாத்தைப் பேய் நகரம் என்று சொல்லாதீர்கள்

செர்னோபில் போய்வந்தேன் என்று சொன்னாலே "அந்தப் பேய் நகரத்தைப் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். 2019-இல் போனேன். பிரிப்யாத்தைப் பார்த்தேன். அதிலிருந்து இந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் கோபம் வருகிறது.

1970-இல் உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தில் வேலை செய்பவர்களுக்காக எழுப்பிய ஊர் அது. விபத்தின்போது கிட்டத்தட்ட 49,000 பேர் இருந்தார்கள். 1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை அதிகாலை 1.23-க்கு நான்காவது உலை வெடித்தது. அன்று காலை பிள்ளைகள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லையே! மறுநாள் மதியம்தான் பேருந்துகள் வரிசையாக வந்தன. சில நாள்தானே, திரும்பிவிடலாம் என்று நம்பி, அடையாளச் சீட்டுகளையும் கொஞ்சம் சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், தரையெல்லாம் பரவிக் கிடக்கும் நச்சுவாயு முகமூடிகளுக்கு நடுவே ஒரு பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். படம் எடுக்க வந்த யாரோ செய்த வேலை. அந்த முகமூடிகள் பனிப்போர்க் காலத்தில், போர் வந்தால் உதவும் என்று இருப்பு வைத்தவை. விபத்தன்று பிள்ளைகள் மாட்டிக்கொண்டு ஓடியவை அல்ல. ஆனால் படத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கதைதானே போய்ச் சேரும்? நடந்ததே போதாதா, நாம் வேறு ஜோடிக்க வேண்டுமா? மே தினத்துக்குத் திறக்க இருந்த ராட்டினத்தின் கீழே வரிசையில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ஆளே இல்லாத இடம் என்பதும் பொய். மற்ற மூன்று உலைகளும் விபத்துக்குப் பிறகும் ஓடின. கடைசி உலையை நிறுத்தியது 2000 டிசம்பரில். வேலையாட்களுக்காக ஸ்லாவுதிச் என்று தனி ஊரே கட்டினார்கள். 2022-இல் ரஷ்யப் படை நிலையத்தைப் பிடித்தபோது, பணியில் இருந்தவர்கள் மாற்று ஆள் வராமல் மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்து வேலை பார்த்தார்கள். அப்புறம், அந்தப் பகுதியில் யாரும் குடியிருக்கக் கூடாது என்ற தடையை மீறித் தங்கள் கிராமத்துக்கே திரும்பிவந்து குடியிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேர். முக்கால்வாசி வயதான பாட்டிகள். உருளைக்கிழங்கு போட்டு, கோழி வளர்த்து அங்கேயே காலத்தைக் கழித்தார்கள். அது முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, சொந்த வீடு தெரிகிறதே.

பிரிப்யாத்தைவிட என் மனதில் நிற்பது வழியில் பார்த்த ஒரு சிறு கிராமம்தான். கூரை சரிந்து, கூடத்துக்குள் மரம் முளைத்த வீடுகள். தெரு எது, தோட்டம் எது என்று தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி இடுகாடு. அங்கே மட்டும் புல் வெட்டி, வேலிக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தது. அந்தப் பக்கத்து மக்களுக்கு ஈஸ்டருக்குப் பிறகு முன்னோரை நினைக்கும் நாள் ஒன்று உண்டு, பேர் ப்ரோவோதி. நான் போன காலத்தில், அன்றைக்கு ஊரைவிட்டுப் போனவர்களை உள்ளே வர அனுமதித்தார்கள். நம் வீட்டில் படையல் போடுவது மாதிரி, ரொட்டியும் சாயம் பூசிய முட்டையும் கொண்டுவந்து கல்லறைமேல் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் போனது அந்த நாள் முடிந்து சில வாரம் கழித்து. காகிதப் பூக்களின் நிறம்கூட இன்னும் மங்கியிருக்கவில்லை.