கப்பல் புகை யார் கணக்கில்?
கடலில் எண்ணெய்க்காகத் துளையிடும் மேடையின் புகைபோக்கிக்குக் காற்று மாசு அனுமதி வாங்கினாலே போதும், மற்றதெல்லாம் கடல்காற்றில் கரைந்துவிடும் என்று இந்தக் கட்டுரையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மேடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பலில் ஆறு வருடம் இன்ஜின் அறையில் இருந்தவன் நான். மேடை அருகே போனால் நங்கூரம் போட மாட்டோம். கம்ப்யூட்டர்தான் உந்திகளை (கப்பலைத் தள்ளும் சுழலிகளை) இயக்கிக் கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைக்கும். அதற்காக டீசல் ஜெனரேட்டர்கள் ராத்திரி பகலாக ஓடும். காற்று அடங்கிய நாட்களில் விடியற்காலை கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் உள்ளங்கை கறுத்துவிடும். அமெரிக்காவில் 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது இதை யோசித்திருக்கிறார்கள்: மேடையிலிருந்து 25 மைலுக்குள் வந்துபோகும் கப்பல்களின் புகையும் மேடையின் கணக்கில்தான் சேரும். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் இந்த அனுமதி வெறும் காகிதம் என்கிறார். அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள கடலில் துளையிட ஷெல் எண்ணெய் நிறுவனம் வாங்கிய அனுமதிகளை 2010 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மேல்முறையீட்டு வாரியம் திருப்பி அனுப்பியது. துளையிடும் கப்பல் எந்தக் கட்டத்திலிருந்து மேடையாகக் கணக்கு என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை என்பது அதில் ஒரு காரணம். பிறகு 2012இல் ஷெல் துளையிட்டபோது அனுமதியை மீறியதற்காக 2013இல் 11 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆனால் 2011 கடைசியிலேயே அந்தக் கடல் பகுதியின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைச் சுற்றுச்சூழல் முகமையிடமிருந்து எடுத்து, எண்ணெய்க் குத்தகை கொடுக்கும் உள்துறையிடமே (அங்கே இது நிலம், கனிமம் பார்க்கும் துறை) அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒப்படைத்துவிட்டது. குத்தகை கொடுப்பவரே புகையையும் அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.