பூ நான் வாங்கணுமா?

நண்பன் ஒருத்தன் நேத்து ராத்திரி ஒரு வீடியோ அனுப்பிட்டு "போலாமா?"ன்னு ஒரே வார்த்தைல கேட்டான். வட கொரியால வோன்சான் கல்மான்னு கடற்கரை ஓரமா பெரிய ரிசார்ட், 2025 ஜூலைல திறந்தாங்க, வெளிநாட்டுல இருந்து முதல்ல வந்து இறங்கினது ரஷ்யாக்காரங்க. வெள்ளை மணல், வாட்டர் ஸ்லைடு, வரிசையா ஹோட்டல். பார்க்க நல்லாத்தான் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய்.

அவனுக்குத் தெரியாது, நான் 2019லயே இந்தக் கிணத்தை எட்டிப் பார்த்துட்டுத் திரும்புனவன். பெய்ஜிங்ல இருந்து குரூப்பா கூட்டிட்டுப் போற டூர் ஒண்ணுக்கு பிளான் பிடிஎஃப் எல்லாம் வாங்கி வச்சு, அட்வான்ஸ் கட்டப் போற நேரத்துல பின்வாங்கிட்டேன். பயந்துட்டியான்னு கேட்பீங்க. பயமும் உண்டு, ஏன் மறைக்கணும். ஓட்டோ வாம்பியர்னு அமெரிக்க மாணவன், 21 வயசு, 2015 டிசம்பர் கடைசில இதே மாதிரி ஒரு டூர்ல போனவன். ஹோட்டல்ல இருந்த பிரச்சார போஸ்டரைத் திருடப் பார்த்தான்னு சொல்லி 15 வருஷம் கடும் உழைப்புத் தண்டனை குடுத்தாங்க, 2017 ஜூன்ல கோமாவுல திருப்பி அனுப்பினாங்க, வீடு வந்து ஒரு வாரம் கூட ஆகல, போய்ட்டான்.

ஆனா என்னை நிறுத்தினது அது இல்ல. பிளான்ல ஒரு நாள் காலைல மன்சு மலைன்னு போட்டிருந்தது. பியோங்யாங்ல கிம் ஜாங் உன்னோட தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் 20 மீட்டர் உசரத்துக்கு வெண்கலச் சிலை வச்சிருக்காங்களே, அந்த இடம். வரிசையா நின்னு குனிஞ்சு வணங்கணும், ஃபோட்டோ எடுத்தா சிலை தலைல இருந்து கால் வரைக்கும் முழுசா விழணும், கை கால் எதுவும் கட் ஆகக் கூடாது, சிலை மாதிரியே கையை நீட்டி போஸ் குடுக்கக் கூடாது. பூ வைக்கணும். அந்தப் பூவை நாமதான் காசு குடுத்து வாங்கணும். இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அதே காலைல உள்ளூர்க் குடும்பம் ஒண்ணு குழந்தையோட அங்க வந்து நிக்கும்ல, அந்தக் குழந்தை என்னைப் பார்த்து என்ன நினைக்கும்? எங்கேயோ இருக்கிற ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்து நம்ம தலைவரைக் கும்பிடுறான்னா அவரு எவ்வளவு பெரிய ஆளுன்னுதானே. அவங்க நாடகத்துல நான் ஒரு துணை நடிகன், அதுவும் சொந்தக் காசுல வேஷம் கட்டிட்டு வர்ற துணை நடிகன்.

"நாம போனாத்தான் அந்த மக்கள் வெளியுலக ஆளுங்களைப் பார்ப்பாங்க, பேசுவாங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க. யாரோட பேசுவீங்க? கூடவே ரெண்டு கைடு வருவாங்க, ஒருத்தர் மேல இன்னொருத்தருக்கும் ஒரு கண்ணு இருக்கும். பியோங்யாங் மெட்ரோல ரொம்ப வருஷம் டூரிஸ்டுக்குக் காட்டினது ரெண்டே ரெண்டு ஸ்டேஷன். நம்ம யூடியூபருங்க அங்க போய்ட்டு "செம சேஃப்பு, செம கிளீனு, மீடியா சொல்றதெல்லாம் பொய்யி"ன்னு வீடியோ போடுறாங்க பாருங்க, காட்டினதை மட்டும் பார்த்துட்டு காட்டாததுக்கும் சர்டிஃபிகேட் குடுக்கிற தைரியம் எனக்கு இல்லப்பா.

அப்ப சர்வாதிகார நாடு எதுக்குமே போகக் கூடாதான்னா, அப்படியும் சொல்ல முடியல. இதைப் பத்தி ரொம்ப வருஷம் மண்டைய உடைச்சுக்கிட்டது பர்மா விஷயத்துலதான். 1996ஐ ராணுவ அரசு "மியான்மர் சுற்றுலா ஆண்டு"ன்னு அறிவிச்சுது. அதுக்காக ஊரை அழகு பண்றோம்னு மாண்டலே அரண்மனை அகழியைத் தூர்வாரினாங்க, கைதிகளையும் சாதாரண ஜனங்களையும் கூலி இல்லாம இழுத்து வச்சு. பகான் கோயில்களுக்கு நடுவுல குடியிருந்தவங்களை 1990லயே கிளப்பி வேற இடத்துல கொண்டு போய் விட்டாச்சு. அங்க ஜனநாயகம் கேட்டுப் போராடின எதிர்க்கட்சித் தலைவர் ஆங் சான் சூகி, இப்ப வராதீங்கன்னு வெளிப்படையா சொன்னாங்க. அப்ப ஏர்போர்ட்ல இறங்கினதும் முதல்ல 300 டாலர், அப்புறம் 200 டாலர், கட்டாயமா அரசாங்கத்துக்கிட்ட மாத்தணும், 2003ல தான் அதை எடுத்தாங்க. அதாவது நீங்க யாரோட விருந்தாளின்னு ஏர்போர்ட் கவுன்ட்டர்லயே தெரிஞ்சிடும்.

ஆனா இன்னொரு பக்கம் சின்ன லாட்ஜ் வச்சிருந்தவரும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிச்சவரும் "நீங்களும் வரலைன்னா நாங்க என்னத்தச் சாப்பிடுறது"ன்னு கேட்டாங்க. அதுவும் நியாயம்தானே. கடைசில 2010ல சூகியோட கட்சியே இறங்கி வந்துச்சு, தனியா வர்றவங்க வாங்க, பெரிய பேக்கேஜ் குரூப்பா வராதீங்கன்னு. என் அளவுகோல் எனக்குக் கிடைச்சது அங்கதான்: என் காசு யார் கைக்குப் போகணும்னு நான் தீர்மானிக்க முடியுதா, இல்ல ஒரே உண்டியல்தானா?

அந்த ஊர் ஆளுங்க என்ன சொல்றாங்களோ அதைக் கேட்டு நடன்னு நானும் அப்ப பெரிய மனுஷன் மாதிரி பேசிட்டு இருந்தேன். 2017ல மியான்மர் ராணுவத்தோட தாக்குதலுக்குப் பயந்து 7 லட்சத்துக்கு மேல ரோஹிங்கியா மக்கள், அங்க இருக்கிற முஸ்லிம் சிறுபான்மை, பங்களாதேஷுக்கு ஓடுனாங்க, 2019 டிசம்பர்ல அதே சூகி ஹேக்ல இருக்கிற சர்வதேச கோர்ட்ல நின்னு ராணுவத்துக்காக வாதாடினாங்க, 2021 பிப்ரவரில அதே ராணுவம் அவங்களைத் தூக்கி உள்ள வச்சுது. ஊர் ஆளுங்கன்னா எந்த ஊர் ஆளு, அதுலயே எத்தனை பிரிவு. போதும்டா சாமின்னு ஆயிடுச்சு.

வெளியாளு வந்தா அடக்குமுறை குறையும்னு சொல்றதையும் நான் முழுசா நம்பல. 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு யூதர்களுக்கு எதிரான போர்டுகளை எல்லாம் கழட்டி வச்சாங்க, வந்தவங்க ஆஹா என்ன ஒழுங்குன்னு பாராட்டிட்டுப் போனாங்க. அதே கோடைல பெர்லினுக்குப் பக்கத்துல சாக்சன்ஹவுசன் வதை முகாம் எழும்பிட்டு இருந்துச்சு. ராணுவம் ஆண்டுட்டு இருந்த அர்ஜென்டினாவுல, 1978 ஃபுட்பால் உலகக் கோப்பை ஃபைனல் நடந்த புவனோஸ் ஐரிஸ் ஸ்டேடியத்துல இருந்து கொஞ்ச தூரத்துல கடற்படைப் பள்ளி, அங்க ஆளுங்களை அடைச்சு வச்சு சித்திரவதை. கோல் விழுந்தப்ப ஸ்டேடியம் கத்தினது உள்ள இருந்தவங்களுக்குக் கேட்டிருக்கு. சர்வாதிகாரி பிராங்கோவோட ஸ்பெயினைச் சிலர் உதாரணம் காட்டுவாங்க, பிகினி போட்ட டூரிஸ்ட் வந்துதான் அந்த நாடே மாறுச்சுன்னு. ஊரோட பழக்கவழக்கம் மாறியிருக்கலாம், ஆனா 1973ல வருஷத்துக்கு 3 கோடிப் பேருக்கு மேல வந்து போயும் அவரு 1975ல நோய்ல விழுந்து சாகுற வரைக்கும் நாற்காலியை விடலையே.

இதெல்லாம் படிச்ச விஷயம். ஒண்ணு மட்டும் நானே பண்ணினது. ஒரு நாட்டுல, பேரு வேணாம், காரணம் படிச்சா புரியும், ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருந்தேன். ஓனர் ஒரு அம்மா. வெளிநாட்டுக்காரன் தங்கினா தினம் ராத்திரி ரிப்போர்ட் குடுக்கணும் போல, என் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு ஃபாரத்தை கார்பன் பேப்பர் வச்சு அழுத்தி அழுத்தி எழுதிட்டு இருந்தாங்க, மூணு காப்பி. விரல் நுனியெல்லாம் நீலம். நான் அதிபுத்திசாலி, ரிசப்ஷன்ல நாலு பேரு இருக்கும்போது சத்தமா "அடுத்த எலெக்‌ஷன்ல உங்க பிரசிடென்ட் ஜெயிப்பாரா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அவங்க பேனா நின்னுச்சு. நிமிர்ந்து கூடப் பார்க்கல. திரும்ப எழுத ஆரம்பிச்சாங்க. மறுநாள் காலைல ரூம் வேற யாருக்கோ புக் ஆயிருக்கு, காலி பண்ணிடுங்கன்னு பணிவா சொன்னாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல வேற ஒரு ஆளும் இல்ல, எல்லாச் சாவியும் ஆணில தொங்கிட்டு இருந்துச்சு. நான் கோவமா பெட்டியத் தூக்கிட்டுப் போனேன், ரெவ்யூல கூட மோசமா எழுதினேன். புரியுறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு அது ஜோக்கு, கூட இருந்த நாலு பேர்ல ஒருத்தன் போய்ச் சொல்லியிருந்தா அந்த அம்மாவுக்கு அது என்னவாகியிருக்கும்னு தெரியாது. ரெவ்யூவை அழிச்சுட்டேன்.

"எந்த நாடுதான் யோக்கியம், ஜனநாயக நாடெல்லாம் குண்டு போடலையா"ன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். போடுறாங்கதான். ஆனா அங்க குண்டு போடாதேன்னு போர்டு பிடிச்சுட்டு ரோட்ல நிக்கிற ஒருத்தரைப் போய்ப் பார்த்துப் பேசிட்டு வரலாம், நான் போனதுக்கு அப்புறமும் அவரு பெரும்பாலும் அங்கயே இருப்பாரு. அந்த வித்தியாசம் எனக்குப் பெருசு.

அதனால நண்பா, வோன்சானுக்கு நான் வரல. நீ போனா உன்னோட பேச்சை நிறுத்திட மாட்டேன், ஆனா வீடியோல அங்க சந்தோஷமா இருக்காங்கன்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் கைடு கிட்ட ஏடாகூடமா எதையும் கேட்டு வைக்காத, நீ ஃபிளைட் ஏறிடுவ, பதில் சொல்ல வேண்டியது அவங்க.

துர்க்மெனிஸ்தான் மட்டும் எனக்கு இன்னும் இழுத்துட்டு இருக்கு. அங்கயும் டூரிஸ்ட்டுன்னா அழைப்புக் கடிதம், கூடவே கைடுன்னுதான் கேள்வி, என் அளவுகோல் படி பார்த்தா போகக் கூடாது. ஆனா பாலைவனத்துக்கு நடுவுல பல வருஷமா எரிஞ்சிட்டு இருக்கிற அந்த தர்வாசா கேஸ் பள்ளம் என் ஃபோன்ல வால்பேப்பரா இருக்கு, மாத்த மனசு வரல. 2022ல அங்க இருந்த அதிபரே அதை அணைக்க வழி பாருங்கன்னு உத்தரவு போட்டாரு. நான் முடிவெடுக்கிறதுக்குள்ள அது அணைஞ்சாலும் அணைஞ்சிடும்.