செற்றியின் எண்ணெய்க் கறைக்குப் பிளீச்சும் வினாகிரியுமா?

துணிச் செற்றியில் எண்ணெய் பட்டால் பிளீச்சையும் வினாகிரியையும் சம அளவில் கலந்து தெளிக்குமாறு கூறும் தகவலொன்று கொழும்புத் தமிழர்களின் வட்ஸ்அப் குழுக்களில் பரவி வருகிறது. இது தவறானது, ஆபத்தானதும்கூட.

பிளீச்சிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட், வினாகிரியின் அமிலத்துடன் சேரும்போது குளோரின் வாயு வெளியாகிக் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும்; ஏசிக்காக யன்னல்களைச் சாத்திய தொடர்மாடி வீடுகளில் இது இன்னும் மோசம். பிளீச் போத்தலின் லேபிளிலேயே இந்த எச்சரிக்கையைக் காணலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திலும் கேட்டறியலாம். போதாததற்கு, பிளீச் எண்ணெயைக் கரைப்பதில்லை, துணியின் சாயத்தையே வெளிறச் செய்கிறது.

ரோல்ஸ் போன்ற எண்ணெய்ப் பலகாரம் விழுந்த இடத்தைத் தேய்க்காமல் டிஷூவால் ஒற்றி, சோளமாவைத் தூவி அரை மணி நேரம் விட்டால், மா எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகும். அதைத் தூரிகையால் அகற்றிய பின், பாத்திரம் கழுவும் திரவத்தின் நுரையை மட்டும் தடவி, ஈரத்துணியால் ஒற்றியெடுக்கலாம். ஆனால் மெத்தையின் அடியிலுள்ள லேபிளில் ‘டபிள்யூ’ என்ற குறி இருந்தால்தான் நீர் பயன்படுத்தலாம்; ‘எஸ்’ மட்டும் இருந்தால் நீர் ஆகாது.

அந்தத் தகவலை இனியும் பகிர வேண்டாம்.