கைதானவன் வாயில் வந்த பெயர்

எங்கள் தெருப் பையன் ஒருவன், லோடு வண்டி டிரைவர், கஞ்சா வழக்கில் 10 ஆண்டு தண்டனை பெற்று வேலூர் தொரப்பாடி சிறையில் இருக்கிறான். அவனிடம் ஒரு கிராம்கூடப் பிடிபடவில்லை. ரயிலில் மூட்டையோடு சிக்கிய இரண்டு பேர் இவன் பெயரைச் சொன்னார்களாம். அவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. "சொன்னார்கள், நான் கேட்டேன்" என்றவர் அதிகாரி.

ஆந்திரா பக்கமிருந்து கஞ்சா வருவது காட்பாடிக்காரர்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் கைவரை அது போவதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது. கடத்தியவனை விடச் சொல்லவில்லை. கடத்தினான் என்று நிரூபியுங்கள் என்கிறேன்.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 29-வது பிரிவுப்படி, சதியில் சேர்ந்தவனுக்கும் கடத்தியவனுக்கும் ஒரே தண்டனை. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. இவ்வளவு கடுமையான சட்டத்துக்குச் சாட்சியமும் அதே அளவு உறுதியாக இருக்க வேண்டாமா?

சதி நடக்கும்போது கூட்டாளி பேசியதை மற்றவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் இடம் உண்டு. அரசுத் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஆனால் கைதான பிறகு சொன்னது அதில் சேராது. சதி அங்கேயே முடிந்துவிட்டது. 1940-லேயே, வெள்ளைக்காரன் காலத்தில் நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில், மிர்சா அக்பர் வழக்கில் சொன்ன விஷயம் இது. அப்புறம், போதைப்பொருள் சட்டத்தின் 67-வது பிரிவில் அதிகாரி எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 29 அன்று தீர்ப்பளித்தது. தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. நம் மாநிலத்து வழக்குதான்.

போன் பட்டியல் இருக்கிறதே என்பார்கள். பேசினார்கள் என்பதை அது காட்டும், என்ன பேசினார்கள் என்பதைக் காட்டாது. வாடகை வண்டிக்காரனுக்கு யார்தான் போன் செய்ய மாட்டார்கள்?

கஞ்சா கேஸில் அப்பீல் எடுபடாது என்று யாரோ சொல்லி, அவன் அம்மா ஓய்ந்துவிட்டார். தயவுசெய்து யாரும் அப்படிச் சொல்லாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது. நாள் கடந்தாலும் காரணம் சொல்லித் தாமத மன்னிப்பு கேட்கலாம். சிறையிலிருந்தே அதிகாரி மூலமாக மனு அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். தீர்ப்பு நகல் மட்டும் போதாது. சாட்சிகள் சொன்னது முழுவதும், முக்கியமாகக் குறுக்கு விசாரணைப் பக்கங்கள், வக்கீல் கைக்குப் போக வேண்டும். அதிகாரி தானே பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பது அங்கேதான் பிரியும்.