நோக்கியா 1100-ஐக் கொண்டாடுங்கள், எங்கம்மாவையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு

பழைய நோக்கியா 1100 படத்தைப் போட்டு "அந்த மாதிரி ஒரு போன் இனி வருமா" என்று யார் எழுதினாலும் லைக் போட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். எனக்கும் அந்த போன் மேல் அவ்வளவு பிரியம். ஆனால் அந்தப் பதிவுகளில் எல்லாம் ஒரு விஷயம் விடுபட்டுப்போகிறது. அதைப் பேசத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் அதன் அருமை. 2003-ல் வந்த போன். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கீழே விழுந்தால் உடையாது என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஊர் மாதிரி இடங்களில் போன் எப்படிப் புழங்கும் என்று யோசித்துச் செய்திருந்தார்களே, அதுதான் பெரிது. கீபேட் முழுக்க ஒரே ரப்பர் விரிப்பு, இடுக்கில் புழுதி இறங்காது. வேர்த்த கையிலும் வழுக்காத பக்கவாட்டுப் பிடி. தலையில் டார்ச்.

அந்த டார்ச்சைப் பற்றி வேலூரை அடுத்த எங்கள் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் பயிர் வைத்தவர்களைக் கேளுங்கள். பம்ப்செட்டுக்கு த்ரீ பேஸ் கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குக் கிளம்புவார். 'சி' பட்டனை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம், இரண்டு தடவை அழுத்தினால் அணையாமல் நிற்கும். கரும்புக்குள் பாம்பு கிடக்கும் வரப்பில், காலை எடுத்து வைக்குமுன் பார்க்க அது போதும். மடை திருப்பும்போது இரண்டு கையும் வேண்டுமே, போனைப் பல்லில் கவ்விக்கொள்வார். அந்தப் பல் தடம் பேனலின் மேல் ஓரத்தில் கடைசி வரை இருந்தது. 2012 கரண்ட் கட் நாட்களில் வீட்டில் சாப்பிட்டதும் பிள்ளைகள் படித்ததும் அந்த வெளிச்சத்தில்தான்.

பேட்டரியின் கொள்ளளவு வெறும் 850 எம்ஏஎச். ஆனாலும் நாள் கணக்கில் நிற்கும். சின்னக் கறுப்பு வெள்ளைத் திரை, இன்டர்நெட் கிடையாது, சார்ஜைத் தின்ன உள்ளே எதுவுமே இல்லை.

பிஎல்-5சி என்ற அந்த பேட்டரியிலும் ஒரு சிக்கல் வந்ததை மறந்துவிடுகிறோம். 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிடா நிறுவனம் செய்து கொடுத்தவற்றில் சில, சார்ஜ் ஏறும்போது சூடாகின்றன என்று 2007-ல் நோக்கியாவே அறிவித்தது. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். நல்ல போன் என்பதால் குறையே இல்லாத போன் ஆகிவிடாது.

மற்ற குறைகளில் கேமரா, கலர் ஸ்கிரீன், ப்ளூடூத் இல்லாததை நான் சேர்க்க மாட்டேன். அந்த விலைக்கு அது நியாயம். லவுட் ஸ்பீக்கர் இல்லாதது மட்டும் காது மந்தமான எங்கள் பாட்டிக்குக் கஷ்டமாக இருந்தது.

உண்மையான குறை வேறு. எங்கம்மா கையில் இருந்த அந்த போனில் தமிழ் இல்லை.

"இன்னாடா இது, எல்லாம் இங்கிலீஷ்லயே கீது" என்றுதான் அம்மா அதை முதலில் வாங்கிப் பார்த்தார். தமிழ் நன்றாகப் படிப்பார், பஸ்ஸில் போர்டு பார்த்துத் தனியாக ஆம்பூர் போய் வருவார். போனில் மட்டும் எழுத்தறியாதவர் ஆகிவிட்டார். மாமா பெயரை ஆங்கிலத்தில் பதிந்து கொடுத்தேன். போன் அடிக்கும், யார் என்று தெரியாது. கடைசியில் பதிந்த பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம்பரையே போட்டேன். வெறும் நம்பராக வந்தபோது கடைசி மூன்று எண்ணைப் பார்த்தே "பெரியக்கா கூப்புடுது" என்று சொல்லிவிடுவார். நாங்கள் பெயர் பதிந்து வசதி செய்ததாக நினைத்தது அவருக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. கூப்பிடுவதற்கு ஸ்பீட் டயல்: 2 நான், 3 மாமா, 4 தங்கை. மெசேஜ் பக்கமே போகவில்லை. அவரைப் போல எத்தனை பேர் வடாற்காடு முழுக்க பீடி சுற்றும் திண்ணையிலும் தறிக்குழியிலும் அந்த போனைப் பச்சை பட்டன், சிவப்பு பட்டன் மட்டுமாக வைத்திருந்தார்கள்!

இப்போது தமிழ் வந்துவிட்டது, நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். ஆனால் தமிழ் வந்த நேரத்தில் பட்டன் போய்விட்டது. டச் போனில் அழைப்பை எடுக்க விரலால் தள்ள வேண்டும், அம்மாவின் காய்ந்த விரலுக்குத் திரை அசைவதே இல்லை. சரி, பட்டன் போன் வாங்கலாம் என்று வேலூர் லாங்கு பஜார் முழுக்கச் சுற்றினேன். டார்ச் உண்டு, ரேடியோ உண்டு, தெருவே கேட்கும் ஸ்பீக்கர் உண்டு. பட்டன்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி, வழவழவென்று, எது 5 எது 8 என்று தடவினால் தெரியாதபடி. வாங்கிக் கொடுத்த போனில் ஒன்றை அழுத்தினால் இரண்டு விழுகிறது.

பேங்க் பணம், கேஸ் புக்கிங் என்று எல்லாவற்றுக்கும் ஓடிபி கேட்கிற காலம் இது. அந்த மெசேஜ் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. யாராவது படித்துச் சொல்ல வேண்டும், யாரிடம் காட்டுவது என்ற பயம் வேறு. வயதானவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரிக்கை மட்டும் செய்தால் போதாது, அவர்களே படிக்கிற மாதிரி தமிழில் அனுப்ப வேண்டும்.

ஆகவே போன் செய்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். அதே ரப்பர் கீபேட், அதே டார்ச், கழற்றி மாட்டும் பேட்டரி. அதோடு 4ஜி, பெரிய தமிழ் எழுத்து, கூப்பிடுகிறவர் பெயரைத் தமிழில் சொல்லும் குரல். இப்படி ஒன்று ஏற்கெனவே இருப்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சத்துவாச்சாரியில் கிடைத்தாலும் சரி, சென்னை வரை போக வேண்டியிருந்தாலும் சரி, இந்த வாரமே வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.