கண்டல் நட முதல் தண்ணி மட்டத்தைப் பாருங்கோ

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆளுக்கொரு கண்டல் (சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) நடச் சொல்லும் ஒரு கட்டுரையை வாசித்தேன். நல்ல எண்ணம். ஆனால் எந்த உயரத்தில் நடுவது என்று ஒரு வரியும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டவற்றில் பெரும்பகுதி செத்துப்போனதற்குத் தவறான இடமே முக்கிய காரணம்.

எங்கள் வாவியில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. நீர்மட்டம் மாரி மழையையும், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருக்க வெள்ளம் ஏறினால் கன்று வாரக்கணக்கில் முழுகும். காற்றில்லாமல் வேர் அழுகும். வெறுஞ்சேறாகக் கிடக்கும் பள்ளம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் தானாக முளைத்த கண்டல் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில் நடுங்கோ. கழுத்தில் மஞ்சள் வளையம் விழுந்த முற்றிய காயை எடுத்து, கூர்முனை கீழாக மூன்றிலொரு பங்கு சேற்றில் இறக்கினால் போதும். பிறகு தண்டில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சின்ன ஓட்டுயிர்) அப்பினால் இடம் தாழ்வு. முதல் இரண்டு வருசம் மாடு புகாமல் வேலி அவசியம்.

மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறக்கும் நாளும் இதோடு சேர்ந்ததுதான். பிந்தினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வேளாண்மை தண்ணியில் தாழும். முந்தினால் மீனும் இறாலும் வாவியில் வளர முன்னமே தண்ணி வடிந்துவிடும். கமக்காரரும் மீனவரும் ஒன்றாக இருந்து அந்த நாளைக் குறிக்கவேணும்.